லினக்ஸில் வட்டை எப்படிப் பிரிப்பது, எந்த ஃபைல்சிஸ்டம் போடுவது: வேகம் வேண்டுவோருக்கு முழு வழிகாட்டி

என் மச்சான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், ஒரு பூமாலைக் கடைக்கு மேல்மாடியில், கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறான். தைப்பூசம் முடிந்த மறுவாரம் போன் வந்தது. "மச்சான், பத்துமலையில எடுத்ததை ஏத்தினதிலிருந்து மெஷின் நகரவே மாட்டேங்குது, ரேம் கூட்டணுமான்னு வந்து பாரு." போனேன். ரேம் 16 ஜிபி இருந்தது, அவன் வேலைக்கு அது போதும். ஒரு எக்ஸ்போர்ட்டை ஓடவிட்டுவிட்டு மேசைக்குக் கீழே குனிந்து காதை வைத்தேன். கட கட, கட கட என்று ஹார்ட் டிஸ்க் அடித்துக்கொண்டிருந்தது, சுண்டல் வறுக்கிற மாதிரி.

விஷயம் இதுதான். அந்த 4 டிபி ஹார்ட் டிஸ்கை வாங்கிய கடையிலேயே மூன்றாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள், "பிரிச்சா வேகமா இருக்கும்" என்று சொல்லி. முதல் பார்ட்டிஷனில் கேமரா கோப்புகள், நடுவில் பழைய வேலைகள், கடைசியில் எக்ஸ்போர்ட். அதனால் வட்டின் தலை வெளி ஓரத்தில் கொஞ்சம் படிக்கும், உள் ஓரத்துக்கு ஓடிப்போய்க் கொஞ்சம் எழுதும், திரும்ப ஓடிவரும். மூன்று அறை கட்டினாலும் வீட்டுக்கு வாசல் ஒன்றுதானே. பக்கத்திலேயே 500 ஜிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டி (சுழலும் தட்டே இல்லாத வேகமான வட்டு) ஒன்று இயங்குதளத்தை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது.

ஃபைல்சிஸ்டத்தில், அதாவது கோப்புகளை வட்டில் அடுக்கிவைக்கும் முறையில், ஈஎக்ஸ்டி4 நல்லதா பிடிஆர்எஃப்எஸ் நல்லதா என்று எல்லாரும் சண்டை போடுகிறோம், ஆனால் வேகத்தைப் பொறுத்தவரை அது கடைசிக் கேள்வி. எந்தக் கோப்பு எந்த வட்டில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு அடுத்தது, இப்போது செய்யும் முடிவில் எதைப் பிறகு மாற்ற முடியாது என்பது. கீழே எழுதியிருப்பதெல்லாம் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டுதான் போகும்.

முதலில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிஎல்கே கட்டளையைக் கொடுங்கள். ரோட்டா என்ற பத்தியையும் காட்டச் சொன்னால், சுழலும் டிஸ்குக்கு 1 என்றும் எஸ்எஸ்டிக்கு 0 என்றும் வரும். யூஎஸ்பி பெட்டிக்குள் இருப்பவை சில சமயம் இதில் பொய் சொல்லும், கண்ணாலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து டிஎஃப்: எந்தப் பார்ட்டிஷன் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும். அதையே ஐ என்ற சுவிட்சோடு கொடுத்தால் ஐநோடு (ஒரு கோப்பின் விவரத்தை வைக்கும் இடம், கோப்புக்கு ஒன்று) எத்தனை மிச்சம் என்று வரும். ஜிபி கணக்கில் இடம் இருந்தும் "இடமில்லை" என்று லினக்ஸ் அடம்பிடித்தால், ஐநோடு தீர்ந்துபோயிருக்கலாம். மெயில் சர்வர், சிறுபடங்கள் லட்சக்கணக்கில் குவியும் ஃபோல்டர் போன்றவற்றில் இது நடக்கும்.

அப்புறம் உங்கள் மெதுவான வேலையை ஓடவிட்டு, இன்னொரு ஜன்னலில் ஐஓஸ்டாட்டைப் பாருங்கள். சிஸ்ஸ்டாட் தொகுப்பில் வரும். எந்த வட்டு 100 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கிறதோ அதுதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. எந்த வட்டும் வேர்க்கவில்லை, சிபியு மட்டும் உச்சத்தில் இருக்கிறது என்றால் நிறுத்திவிடுங்கள், பார்ட்டிஷன் மாற்றி ஒரு பயனும் இல்லை.

வட்டு தன் உடல்நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையையும் பாருங்கள். பெண்டிங் செக்டர் (படிக்க முடியாமல் நிற்கும் சின்னத் துண்டு) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்கைப் பிரிக்கவும் வேண்டாம், ஃபார்மேட் செய்யவும் வேண்டாம், உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள். பேக்கப் வேறு வட்டில் இருக்க வேண்டும். அதே வட்டின் வேறு பார்ட்டிஷனில் வைத்திருப்பது பேக்கப் இல்லை. மச்சானுக்காக கணினிக் கடைகள் உள்ள லோ யாட் பிளாசாவுக்குப் போய் இன்னொரு 4 டிபி வாங்கி, எல்லாவற்றையும் ஒரு ராத்திரி முழுக்க அதில் நகலெடுத்த பிறகுதான் நான் மற்றதில் கை வைத்தேன்.

திரும்ப மாற்ற முடியாதவை

மவுண்ட் (பார்ட்டிஷனை ஒரு ஃபோல்டரில் இணைப்பது) விருப்பங்களை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். ஸ்வாப் (ரேம் போதாதபோது உதவ வட்டில் ஒதுக்கும் இடம்) அளவையும் மாற்றலாம். ஆனால் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம் போட்ட பார்ட்டிஷனைப் பெரிதாக்கலாம், சுருக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஈஎக்ஸ்டி4 ஓடிக்கொண்டிருக்கும்போதே வளரும், சுருக்க வேண்டுமென்றால் அன்மவுண்ட் செய்துவிட்டுத்தான் செய்ய வேண்டும், அதுவே ரூட் (இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷன்) என்றால் லைவ் யூஎஸ்பியில் (லினக்ஸ் நேராக ஓடும் பென்டிரைவ்) ஏறித்தான் ஆகவேண்டும். ஈஎக்ஸ்டி4-இல் எத்தனை பைட்டுக்கு ஒரு ஐநோடு என்பது ஃபார்மேட் செய்யும் அந்த நிமிடத்தில் முடிவாகிவிடும், பிறகு மாறாது. பார்ட்டிஷன் எந்த செக்டரில் தொடங்குகிறது என்பதையும் உள்ளே இருக்கும் டேட்டா முழுவதையும் நகர்த்தாமல் மாற்ற முடியாது. அதனால் இந்த நான்கில் மட்டும் நேரம் எடுத்து யோசியுங்கள், மற்றதை நாளைக்குக்கூடப் பார்த்துக்கொள்ளலாம்.

பார்ட்டிஷன் அட்டவணையும் தொடக்கமும்

ஜிபிடி போடுங்கள். அரட்டை அடிக்கிற ஜிபிடி இல்லை, பார்ட்டிஷன் அட்டவணை ஜிபிடி. பழைய எம்பிஆர் அட்டவணை 512 பைட் செக்டர் கணக்கில் 2 டெபிபைட்டுக்கு மேல் பார்க்காது, பிரைமரி பார்ட்டிஷனும் நாலோடு சரி. ஜிபிடியில் வழக்கமாக 128 வரை போகலாம், யாருக்கும் அவ்வளவு வேண்டாம்.

ஒவ்வொரு பார்ட்டிஷனும் 1 எம்பி எல்லையில், அதாவது 2048-ஆவது செக்டர் மாதிரியான இடத்தில், தொடங்க வேண்டும். பழைய கருவிகள் 63-ஆவது செக்டரில் தொடங்கும். இன்றைய வட்டுகள் உள்ளுக்குள் 4096 பைட் துண்டுகளாக வேலை செய்வதால், 63-இல் தொடங்கினால் ஃபைல்சிஸ்டத்தின் ஒவ்வொரு பிளாக்கும் இரண்டு துண்டுகளின் மேல் கால் பரப்பி உட்காரும், ஒன்றை எழுத இரண்டைத் தொட வேண்டிவரும். ஜிபார்ட்டட், எஃப்டிஸ்க் இரண்டும் பல வருடமாகவே இதைச் சரியாகத்தான் செய்கின்றன. பழைய டிஸ்கை அப்படியே புதிய எஸ்எஸ்டிக்கு குளோன் செய்தவர்கள்தான் கவனிக்க வேண்டும், பழைய தொடக்கமும் கூடவே வந்திருக்கும்.

எத்தனை பார்ட்டிஷன்?

குறைவாக. ஹார்ட் டிஸ்க் என்றால் முடிந்தவரை ஒன்றே ஒன்று. 7200 சுற்று டிஸ்கில் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட், சராசரியாக அதில் பாதி காத்திருப்பு, தலை இடம் மாற இன்னும் சில மில்லிசெகண்ட். இந்தக் கணக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேடினால் ஒரு வினாடிக்கு நூறு தேடலைத் தாண்டுவதே பெரும்பாடு. எஸ்எஸ்டியில் இதே தேடல் மைக்ரோசெகண்டில் முடியும். ஒரு சின்ன தந்திரம் உண்டு: டிஸ்கின் தொடக்கம் வெளி ஓரத்தில் இருக்கும், அங்கே ஒரே சுற்றில் அதிக டேட்டா கடந்து போவதால் உள் ஓரத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் கிடைக்கும். வேறு வழியே இல்லாமல் ஹார்ட் டிஸ்கைப் பிரித்தே ஆகவேண்டுமென்றால் அடிக்கடி தொடுவதை முன்னால் வையுங்கள். எஸ்எஸ்டிக்கு முன் பின் எதுவும் கிடையாது.

(சொல்லப்போனால் ஹார்ட் டிஸ்க் நமக்கு அந்நியமான பொருள் இல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலே பெட்டாலிங் ஜெயாவில் ஆலை வைத்துச் செய்துகொண்டிருந்தது, எஸ்எஸ்டி பக்கம் சந்தை சாய்ந்ததும் அதை மூடப்போவதாக 2018-இல் அறிவித்தது.)

மச்சான் மெஷினில் நான் போட்ட கணக்கு இது. 500 ஜிபி என்று பெட்டியில் எழுதியிருந்தால் லினக்ஸ் 465 என்றுதான் காட்டும், கடைக்காரர் ஏமாற்றவில்லை, அவர்கள் ஆயிரத்தால் பெருக்குகிறார்கள், லினக்ஸ் 1024-ஆல் வகுக்கிறது. அந்த 465-இல் பூட் ஆவதற்கான ஈஎஸ்பி பார்ட்டிஷன் 1 ஜிபி, ஃபேட்32-இல். ரூட் 80 ஜிபி, ஈஎக்ஸ்டி4. ஹோம் (பயனரின் சொந்தக் கோப்புகள்) 120 ஜிபி, அதுவும் ஈஎக்ஸ்டி4. எடிட்டிங் கேஷும் (தற்காலிகக் கோப்புகள்) எக்ஸ்போர்ட்டும் விழ 220 ஜிபி, எக்ஸ்எஃப்எஸ். மிச்சம் 44 ஜிபியை எதுவும் செய்யாமல் வெறுமனே விட்டேன். எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும், உள்ளே பழைய பிளாக்குகளைச் சுத்தம் செய்ய அதற்குக் கொஞ்சம் காலி இடம் வேண்டும், தவிர நாளைக்கு ரூட் போதவில்லை என்றால் கை கொடுக்கும். ஹார்ட் டிஸ்க் முழுதும் ஒரே ஈஎக்ஸ்டி4, கேமரா கோப்புகளும் முடிந்த வேலைகளும் மட்டும்.

இப்போது எடிட்டர் ஒரு வட்டில் படிக்கிறது, இன்னொன்றில் எழுதுகிறது. மெஷின் வேகமானதற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

உங்கள் தேவை இன்னும் தெளிவாகவில்லை என்றால் எல்விஎம் (பார்ட்டிஷன்களைப் பிறகு எளிதாக வளர்க்க உதவும் அடுக்கு) போட்டு, ஒவ்வொன்றுக்கும் குறைவாகக் கொடுத்து, மீதியைக் கையிருப்பாக வையுங்கள். வளர்ப்பது எளிது, சுருக்குவதுதான் தலைவலி. எல்விஎம்மால் வேகம் குறையுமே என்று பயப்பட வேண்டாம், சாதாரண வால்யூமில் அந்த வித்தியாசத்தை நீங்கள் உணரவே மாட்டீர்கள். சர்வர் என்றால் வார் (/var) ஃபோல்டரைத் தனியாகப் பிரித்துவிடுங்கள், லாக் பெருகி ரூட்டை அடைத்துவிடாமல் இருக்கும். வீட்டு மெஷினுக்கு அது தேவையில்லை.

ஃபைல்சிஸ்டம்

ஈஎக்ஸ்டி4. 2008-இல் நிலையானது என்று அறிவிக்கப்பட்டது, எது போடுவது என்று குழம்பினால் இதைப் போடுங்கள். ஆனால் பெரிய டேட்டா டிஸ்கில் அப்படியே போடாதீர்கள், இரண்டு இடத்தில் அது இடத்தைச் சாப்பிடும். ஒன்று, ரூட் பயனருக்கு (கணினியின் நிர்வாகிக்கு) என்று 5 சதவீதம் ஒதுக்கிவைக்கும், 4 டிபியில் அது 200 ஜிபி. இயங்குதளம் இருக்கும் பார்ட்டிஷனில் அந்த ஒதுக்கீடு உயிர்காக்கும், வீடியோ மட்டும் வைக்கும் டிஸ்கில் வீண். டியூன்2எஃப்எஸ் கட்டளையில் எம் சுவிட்சுக்கு 1 அல்லது 0 கொடுத்து எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். இரண்டாவது ஐநோடு. இயல்பாக 16 கேபிக்கு ஒன்று என்று கணக்குப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 256 பைட் எடுத்துக்கொள்ளும். 4 டிபியில் இது ஏறக்குறைய 24 கோடி ஐநோடு, இடம் 62 ஜிபி. மச்சானிடம் மொத்தம் சில ஆயிரம் வீடியோ கோப்புகள்தான். ஃபார்மேட் செய்யும்போது பெரிய எழுத்து டி சுவிட்சோடு லார்ஜ்ஃபைல் என்று சொன்னால் 1 எம்பிக்கு ஒரு ஐநோடு என்று போட்டு 1 ஜிபியோடு முடித்துக்கொள்ளும். மேலே சொன்ன மாதிரி இது பிறகு மாற்ற முடியாத முடிவு. சின்னச் சின்னக் கோப்புகள் வந்து குவியும் இடம் என்றால் லார்ஜ்ஃபைல் பக்கமே போகாதீர்கள்.

எக்ஸ்எஃப்எஸ். எஸ்ஜிஐ நிறுவனம் தன் ஐரிக்ஸ் இயங்குதளத்துக்காக 90-களில் செய்தது, 2014-இல் வந்த ரெட்ஹேட் 7-இலிருந்து அங்கே இதுதான் இயல்பு. வட்டைப் பல ஒதுக்கீட்டுக் குழுக்களாகப் பிரித்துக்கொள்வதால் பல திரெட்டுகள் (நிரலின் இணை வேலைகள்) ஒரே நேரத்தில் எழுதினாலும் ஒன்றுக்கொன்று மோதிக்கொள்ளாது. ஐநோடும் தேவைக்கேற்ப உண்டாகும், முன்கூட்டியே கணக்குப் போட வேண்டாம். பெரிய கோப்பு, இடைவிடாத எழுத்து, டேட்டாபேஸ் என்றால் என் கை இதற்குத்தான் போகும். சுருங்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

பிடிஆர்எஃப்எஸ். ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையைப் பிடித்துவைப்பது), செக்சம் (டேட்டா கெட்டதா என்ற சோதனை), கம்ப்ரெஷன் (சுருக்குவது) மூன்றும் சேர்ந்து வருவதால் ஆசையாகத்தான் இருக்கும். ஃபெடோரா 2020-இல் 33-ஆம் பதிப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்கு இதைத்தான் போடுகிறது. அப்டேட் செய்து உடைத்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள் (நான் உட்பட) ரூட்டுக்கு இதை வைத்துக்கொண்டால் நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் இது பழைய இடத்தின் மேல் எழுதாது, ஒவ்வொரு மாற்றத்தையும் புது இடத்தில் எழுதிவிட்டுச் சுட்டியை மாற்றும். ஒரே பெரிய கோப்பின் நடுவில் அங்கங்கே எழுதிக்கொண்டே இருக்கும் டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் வட்டு போன்றவை இதனால் துண்டு துண்டாகச் சிதறிப்போகும். ஹார்ட் டிஸ்கில் அந்தச் சிதறல் காதிலேயே கேட்கும். அதற்கென்று ஒரு காலி ஃபோல்டரை உண்டாக்கி, சேட்டர் (chattr) கட்டளையில் இந்தப் பழக்கத்தை நிறுத்தும் பெரிய சி பண்பைக் கூட்டிவிட்டு, அதன் பிறகு கோப்பை உள்ளே நகலெடுங்கள். ஏற்கெனவே டேட்டா உள்ள கோப்புக்கு இதைச் செய்து பயனில்லை, செய்த கோப்புக்குச் செக்சமும் கம்ப்ரெஷனும் கிடைக்காது. இதன் ரெய்டு 5, 6 (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் முறைகள்) வேண்டாம். கம்ப்ரெஷனுக்கு இசட்ஸ்டாண்டர்ட் நிலை 1 நல்லது, ஆனால் வீடியோவும் ஜேபெக்கும் ஏற்கெனவே பிழிந்தவை, அதற்கு மேல் பிழிய ஒன்றும் இருக்காது.

சாம்சங் செய்த எஃப்2எஃப்எஸ், எஸ்டி கார்டிலோ மலிவான ஃபிளாஷிலோ லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு. கேமராவோடும் விண்டோஸோடும் கைமாறும் டிரைவுக்கு எக்ஸ்ஃபேட் போதும், ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) இல்லாததால் பிடுங்கும் முன் அன்மவுண்ட் செய்யுங்கள். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் பொதுவாக என்டிஎஃப்எஸ்ஸில் வேலை டேட்டாவை வைக்கிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அனுமதிகளில் ஆரம்பித்து ஏதாவது ஒன்று இழுத்துக்கொண்டே இருக்கும்.

ஸ்வாப்

தனிப் பார்ட்டிஷன் தேவையில்லை, ஸ்வாப் கோப்பே போதும், வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. 16 ஜிபி ரேமுக்கு 4 முதல் 8 ஜிபி. ஹைபர்னேட் செய்வீர்கள் என்றால் மட்டும் ரேம் அளவுக்குக் கொடுங்கள். கோப்பை எஸ்எஸ்டியில் வையுங்கள். 4 ஜிபி, 8 ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினி என்றால் இசட்ரேம் போட்டுப் பாருங்கள், ரேமுக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்வதால் வட்டைத் தொட வேண்டியதே குறையும்.

எஃப்எஸ்டேப்

பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல் இது. யூயூஐடியால் (ஒவ்வொரு ஃபைல்சிஸ்டத்துக்கும் உள்ள தனி அடையாள எண்) எழுதுங்கள், டிரைவ் பெயர் வரிசை மாறினாலும் அது மாறாது. நோஏடைம் சேருங்கள், கோப்பைப் படிக்கும்போதெல்லாம் "இப்போது படித்தேன்" என்று எழுதிவைக்கும் வேலை நின்றுவிடும். ஆனால் 2009-இலிருந்தே ரெல்ஏடைம் என்ற பாதி வைத்தியம் இயல்பாக வருவதால் பெரிய அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள். எஸ்எஸ்டிக்கு, அழித்த இடத்தை உடனுக்குடன் தெரிவிக்கும் (ட்ரிம்) டிஸ்கார்ட் விருப்பம் போடுவதைவிட வாரம் ஒருமுறை ஓடும் எஃப்எஸ்ட்ரிம் டைமரே நல்லது, பல டிஸ்ட்ரோக்களில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். லக்ஸ் குறியாக்கம் போட்டிருந்தால் அதற்கான கிரிப்ட்டேப் கோப்பிலும் டிஸ்கார்டை அனுமதித்தால்தான் ட்ரிம் கீழே வட்டுவரை போய்ச் சேரும்.

கூடுதல் டிஸ்குகளுக்கு நோஃபெயில் கட்டாயம். அது இல்லாமல், ஒரு நாள் அந்த டிஸ்க் கழன்றிருந்தால், பூட் ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி திரையில் போய் நிற்கும். வாடிக்கையாளர் வாசலில் நிற்கும்போது அதைப் பார்க்கக்கூடாது.

பாரியரை அணைத்தால் வேகம் கூடும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். கூடும்தான். ஆனால் ஜர்னல் சரியான வரிசையில் வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா என்ற உத்தரவாதம் போய்விடும். நம் ஊரில் சாயங்காலம் இடி இடித்துக் கரண்ட் டிரிப் ஆகாத வாரம் எது? எக்ஸ்எஃப்எஸ்ஸில் அந்த விருப்பத்தையே எடுத்துவிட்டார்கள். அந்த ஆசை வந்தால் அதற்குப் பதில் ஒரு யூபிஎஸ் வாங்குங்கள்.

ஐஓ ஷெட்யூலரை (வட்டுக்குப் போகும் கோரிக்கைகளை வரிசைப்படுத்துவது) பொறுத்தவரை என்விஎம்ஈக்கு எதுவும் இல்லாமல் இருப்பதும், ஹார்ட் டிஸ்குக்கு பிஎஃப்க்யூவும் நல்லது. பெரும்பாலும் டிஸ்ட்ரோவே சரியாக வைத்திருக்கும்.

டேட்டாவை மாற்றுவது

ஹோமைப் புதுப் பார்ட்டிஷனுக்கு மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். லைவ் யூஎஸ்பியில் ஏறுங்கள். புதியதைத் தற்காலிகமாக ஓரிடத்தில் மவுண்ட் செய்து, நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையை ஏ சுவிட்சோடும், பெரிய எழுத்தில் ஹெச், ஏ, எக்ஸ் மூன்றோடும் ஓட்டுங்கள், அப்போதுதான் ஹார்டு லிங்க் (ஒரே கோப்புக்கு இன்னொரு பெயர்), ஏசிஎல் (கூடுதல் அனுமதிகள்), கூடுதல் பண்புகள் எல்லாம் கூடவே வரும். மூலப் பாதையின் கடைசியில் சாய்கோடு போட மறந்தால் ஹோமுக்குள் இன்னொரு ஹோம் உருவாகும், இதை நான் ஒருமுறைக்கு மேல் செய்திருக்கிறேன். முடிந்ததும் பழைய ஹோமின் பெயரை மாற்றி, அதே பெயரில் ஒரு காலி ஃபோல்டரை வைத்துவிட்டு, எஃப்எஸ்டேபில் வரியைச் சேருங்கள். பெயர் மாற்றாமல் அதன் மேலேயே மவுண்ட் செய்தால் பழைய டேட்டா கண்ணுக்குத் தெரியாமல் அடியில் ஒளிந்துகொண்டு ரூட்டின் இடத்தைத் தின்றுகொண்டே இருக்கும், ஃபோல்டர்களைக் கூட்டிப் பார்த்தால் 30 ஜிபி, டிஎஃப் மட்டும் 75 என்று காட்டும், ராத்திரி முழுக்கத் தேடினாலும் பிடிபடாது. ரீபூட்டுக்கு முன் ஃபைண்ட்மவுண்ட் கட்டளையின் வெரிஃபை விருப்பத்தால் எஃப்எஸ்டேபைச் சரிபார்த்துவிடுங்கள். பழையதை ஒரு வாரம் கழித்து அழியுங்கள்.

அளந்து பார்ப்பது

டிடி கட்டளையால் ஒரு கோப்பை எழுதி "வினாடிக்கு 2 ஜிபி" என்று படம் எடுத்துப் போடுகிறார்கள், அது பெரும்பாலும் ரேமின் வேகம். லினக்ஸ் முதலில் பேஜ் கேஷில் வாங்கிக்கொண்டு "ஆச்சு" என்று சொல்லிவிடும், வட்டுக்குப் பிறகுதான் போகும். எஃப்ஐஓ கருவியில் டைரக்ட் விருப்பத்தைப் போட்டால் கேஷைத் தாண்டிப் போகும். ஆனால் என்னைக் கேட்டால் உங்கள் சொந்த வேலையை வைத்தே அளவெடுங்கள்: அதே புராஜெக்ட், அதே எக்ஸ்போர்ட், இடையில் ரீபூட், மூன்று முறை, கையில் கடிகாரம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

மச்சானுக்கு எல்லாம் முடித்துவிட்டு மறுநாள் காலை பசியாறிவிட்டு மாடிக்குப் போனேன். பத்துமலை எக்ஸ்போர்ட் ஓடிக்கொண்டிருந்தது, அவன் மேசைக்குக் கீழே குனிந்திருந்தான். "மச்சான், டிஸ்க் சத்தமே காணோமே, ஓடுதா இல்லியா?" ஓடுகிறது என்று ஐஓஸ்டாட்டைக் காட்டினேன். அலமாரியில் பழைய டிஸ்க் இரண்டு இன்னும் அதே மூன்று பார்ட்டிஷனோடு இருக்கின்றன, சித்திரைக்குள் அவற்றையும் காலி செய்ய வேண்டும்.